பதிவேடும் பருவமும்

இலங்கையில் 15 வயது நிறைந்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்குத் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்ளும் காலத்திலேயே, தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கிறது. பாடசாலை அதிபர் அத்தாட்சிப்படுத்திய படிவமும் பிறப்புச் சான்றிதழும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் சென்று, சில காலத்தின் பின் அட்டையாகத் திரும்பி வரும்போது, அதில் அச்சிடப்பட்டிருக்கும் இலக்கத்தைச் சற்று நிதானித்து நோக்குவோர் ஒரு விஷயத்தை அறிந்துகொள்வர். முதலில் நிற்பது பிறந்த ஆண்டு. அதை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் அப்பிள்ளை பிறந்தது என்பதைச் சொல்வன. பெப்ரவரி மாதம் 1ஆம் திகதி பிறந்த ஆண் பிள்ளைக்கு அவ்விலக்கம் 032 ஆகும். அதே தினத்தில் பிறந்த பெண் பிள்ளைக்கோ, 500 கூட்டப்பட்டு, 532 ஆகிவிடும். ஒருவருடைய ஊரும் தொழிலும் மாறக்கூடும், பெயரும் மாறக்கூடும். ஆனால் வங்கியிலும் பரீட்சை மண்டபத்திலும் வைத்தியசாலையிலும் ஆயுள் முழுவதும் அவருடன் கூடவே வரப்போகும் அந்த இலக்கத்தினுள், அவர் ஆணா பெண்ணா என்னும் தீர்ப்பும் பொறிக்கப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார், எதைக் கண்டு எழுதினார் என்று பின்னோக்கிச் சென்றால், பிரசவ அறையில் ஒரு தாதியோ மருத்துவமாதோ சிசுவின் சரீரத்தைப் பார்த்த ஒரு கணத்துப் பார்வைக்கே நாம் வந்து சேர்கிறோம். பிறப்பு நிகழ்ந்து 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அந்தப் பார்வையே பதிவேட்டின் ஒரு கட்டத்தில் ஒரு சொல்லாக அமர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் விஷயத்திலும் அப்பார்வை பிழைப்பதில்லை. ஆயினும் மிகச் சிலருடைய வாழ்க்கையில், பெண் என்று எழுதப்பட்டு, பெண்ணாகப் பெயரிடப்பட்டு, இரட்டைப் பின்னலிட்டுப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குரல் தடித்து, தோள் அகன்று, மேலுதட்டில் ரோமம் அரும்பத் தொடங்குகிறது. வேறு சிலரிடத்தில், ஆண் என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு மார்பு வளர்ந்து, மாதவிலக்கும் காணுகிறது. பதிவேடு ஒன்றைச் சொல்ல, பருவம் வேறொன்றைச் சொல்லும் அத்தருணத்தில், சமூகம் எதை மெய்யென்று கொள்கிறது, அந்தப் பிள்ளையை என்ன செய்கிறது என்பதே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இது திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் விஷயத்தோடு உறவுடையதேயாயினும் அதுவே அன்று. அவர்களுடைய சரீரம் பதிவேட்டோடு முரண்படுவதில்லை. அவர்களது உள்ளுணர்வே முரண்படுகிறது. இங்கு முரண்படுவது, பிறர் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுமாறு வளரும் சரீரமே. ஆகையால் இதை மறைத்து வைக்கவும் அப்பிள்ளையால் இயலாது. தன் விருப்பம் என்ன என்று சிந்திக்கும் அவகாசத்தையும் ஊர் அதற்கு அளிப்பதில்லை.

ஊர் அறியும் பருவம்

மாத்தளை நகரிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் மேட்டின் மூடுபனியையும் காற்றையும் கடந்து, இலுக்கும்புறைக்கு இறங்கிச் செல்லும் பாதையின் அப்புறத்தில் இருக்கிறது பல்லேகம. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, வயலும் சேனையும் காடும் சூழ்ந்த புராதனக் கிராமங்களுக்கு நடுநாயகமாக இருந்த இச்சிற்றூர், களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டு இடம்பெயர நேர்ந்து, இன்று இலக்கலைப் பிரதேசத்தின் புதிய நகரத்தோடு தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டிருக்கிறது. இவ்வூரின் எந்தக் குடும்பத்தையும் சுட்டி நான் எழுதவில்லை. ஆனால் பல்லேகமையைப் போன்ற ஓர் ஊரில், நிபுணத்துவ வைத்தியரைக் காண மலை கடந்து மாத்தளைக்கும், அதற்கு மேலும் கண்டிக்கும் பேராதனைக்கும் போகவேண்டியிருக்கும் ஓரிடத்தில், ஒரு பிள்ளையின் பருவமாற்றத்தை முதலில் படித்துப் பொருள் சொல்வது வைத்திய சாஸ்திரமன்று, ஊர்தான் என்பதை நினைவிற் கொண்டால், இவ்விஷயத்தின் பாரம் முழுவதும் நமக்கு விளங்கும்.

பெண் பிள்ளையின் பருவம் நம் நாட்டில் குடும்ப இரகசியமாக இருந்ததே இல்லை. சிங்களக் கிராமத்தில் முதல் தீட்டுக் கண்ட பிள்ளையை ஓர் அறையில் தனித்திருக்கச் செய்து, சோதிடரிடம் சுபமுகூர்த்தம் கேட்டு, வண்ணாரக் குலத்துப் பெண்ணொருத்தி வந்து நீராட்ட, உற்றார் விருந்துண்டு பரிசளித்துப் போவது மரபு. றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவரோ, பிள்ளை பெரிய மனுஷியாகிவிட்டாள் என்ற செய்தி லயம் முழுதும் பரவ, தாய்மாமன் பச்சை ஓலையாற் குச்சுக் கட்ட, நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்து, நாள் பார்த்துச் சடங்கு நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அது சாமத்திய வீடு. வழக்கங்கள் வேறாயினும் இவை யாவற்றிலும் கருத்து ஒன்றே: பிறந்தபோது பதிவாளர் எழுதியதை, பருவத்தின்போது ஊர் கூடி உறுதிப்படுத்துகிறது.

அவ்வாறாயின், அந்த நாள் வராத பிள்ளைக்கு நேர்வது என்ன? தோழியர் ஒவ்வொருவராகச் சடங்கு கண்டு, தாவணியும் சேலையுமாகப் படம் பிடித்துக்கொள்ள, இவள் மாத்திரம் பதினாறு வயதிலும் காத்திருக்கிறாள். மாமியும் சித்தியும் கிணற்றடியில் தாயிடம் விசாரிக்கிறார்கள், தாய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், நேர்த்தி வைக்கிறாள். குரல் உடைந்துவிட்டதென்றாலோ பாடசாலையில் பாட்டும் பேச்சும் நின்று, நாளடைவில் பாடசாலைக்குப் போவதும் நின்றுவிடுகிறது. எந்த வைத்தியரும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே, அப்பிள்ளை தன் வீட்டின் பின்னறைக்குத் தண்டனை பெற்றதுபோல் ஒதுங்கிவிடுகிறது.

சரீரம் நடக்கும் வழி

இதன் காரணத்தைச் சாஸ்திரம் இன்று தெளிவாகவே அறிந்திருக்கிறது. கருவில் முதல் ஆறு வாரங்கள் வரையில், பின்னால் ஆணாகப் போகும் சிசுவுக்கும் பெண்ணாகப் போகும் சிசுவுக்கும் இனப்பெருக்க உறுப்புகளில் யாதொரு வேறுபாடும் இல்லை. இருவருக்கும் ஒரே வகையான அரும்புகளே இருக்கின்றன. ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, 1990ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞானிகள் அடையாளங் கண்ட எஸ்.ஆர்.ஒய். என்பது, அந்த அரும்பை விந்தகமாக்கத் தூண்டுகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆயினும் வெளியுறுப்புகள் ஆணுக்குரிய வடிவம் பெறுவதற்கு அந்த ஹார்மோன் மட்டும் போதாது. ஒரு நொதி அதனை மேலும் வீரியமுள்ள டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றித்தர வேண்டும். மரபுக் குறையினால் அந்த நொதி இல்லாத சிசு, உள்ளே விந்தகம் உடையதாயிருந்தும், வெளியே பெண் குழந்தை போலவோ ஐயத்துக்கிடமான தோற்றத்துடனோ பிறக்கிறது. பருவ காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருவெள்ளமாகச் சுரக்கும்போது, நொதியின் உதவியின்றியே தசையும் குரலும் உறுப்பும் ஆண் தன்மை எய்துகின்றன.

இதற்கு மறுதலையாக, ஒய் குரோமோசோமும் விந்தகமும் ஹார்மோனும் யாவும் இருந்தும், சரீரத்தின் அணுக்கள் அந்த ஹார்மோனை ஏற்க மாட்டாத நிலையொன்றும் உண்டு. திறப்பு கையிலிருந்தும் பூட்டு அதற்கு இசையாததைப் போல. அத்தகையோர் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, மார்பும் வளரப்பெற்று, மாதவிலக்கு மாத்திரம் காணாதிருப்பர். மூன்றாவது வகை, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் குறையால் வருவது. கருப்பையும் சூலகமும் உடைய பெண் சிசு, அச்சுரப்பியின் மிகுதியான ஆண் ஹார்மோனால் ஆண் தோற்றத்துடன் பிறந்து, ஆண் என்று பதிவாகிவிடக்கூடும். இவ்வகையிற் பலருக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே சரீரத்திலிருந்து உப்பு வெளியேறி உயிருக்கு ஆபத்து நேரும் என்பதால், விதைப்பையில் விதை தட்டுப்படாத ஆண் குழந்தை ஒவ்வொன்றையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுவது அத்தியாவசியம். பிறப்புறுப்பைக் கண்டு ஆணா பெண்ணா என்று நிச்சயிக்க முடியாத பிறப்பு, ஏறத்தாழ 4,500க்கு ஒன்று என்பது 2006இல் வெளியான சர்வதேச வைத்திய நிபுணர்களின் கூட்டறிக்கை தரும் மதிப்பீடு.

இவற்றுட் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தாலன்றி வெளிப்படாதவை. ஆகையால் உறவுக்குள்ளேயே மணந்துகொள்ளும் சமூகங்களிலும், மலையாலோ கடலாலோ பிரிக்கப்பட்ட தனிக் கிராமங்களிலும் இவை கூட்டமாகத் தோன்றக் காண்கிறோம். பாவமும் சாபமும் இதற்குக் காரணமல்ல. தாய் கர்ப்ப காலத்தில் உண்டதும் கண்டதும் காரணமல்ல.

ஒரே சரீரம், இரண்டு சமூகங்கள்

கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கிலுள்ள சலினாஸ் என்னும் கிராமம் உலகப் பிரசித்தி பெற்றது இவ்வாறுதான். ஜூலியான் இம்பெரட்டோ-மக்கின்லி என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1974இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அங்கே பெண்ணாக வளர்ந்து பருவத்தில் ஆணாகும் பிள்ளைகளுக்கு மேற்சொன்ன நொதிக் குறையே காரணம் என்று நிரூபித்தது. 1979இல் அவர்கள் கொடுத்த விவரத்தின்படி, உறவுத் தொடர்புடைய 23 குடும்பங்களில் 38 பேருக்கு இக்குறை இருந்தது. ஐயத்துக்கிடமின்றிப் பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பின்னர் விவரம் கிடைத்த 18 பேரில், 17 பேர் தம்மை ஆணாக உணரலாயினர். 16 பேர் ஆணாகவே வாழத் தலைப்பட்டனர். வயல் வேலைக்குப் போயினர், மணமும் செய்துகொண்டனர். ஆரம்ப காலத்தில் திகைத்த கிராமத்தார், ஒரு தலைமுறைக்குள் இதனைப் பழகிக்கொண்டு, அதற்கென்று ஒரு பெயரையும் வைத்து, சில குழந்தைகளின் நிலையைப் பிறந்தபோதே கண்டறிந்து ஆணாகவே வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். அந்த எளிய கிராமத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த விஞ்ஞானமே, பிற்காலத்தில் பினாஸ்டரைடு என்னும் மருந்தாகி, முதியோர்க்குப் புரஸ்தகோளச் சுரப்பி வீக்கத்துக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டு வருகிறது.

பப்புவா நியூகினியாவின் மலைகளிலும் அதே நொதிக் குறையுடையோர் இருக்கிறார்கள். மானிடவியலாளர் கில்பர்ட் ஹெர்ட் விரிவாக எழுதிய அச்சமூகத்தில், ஆடவர் உலகமும் மகளிர் உலகமும் கடுமையாகப் பிரிக்கப்பட்டவை; சிறுவர்கள் நீண்ட தீட்சைச் சடங்குகள் பலவற்றைக் கடந்தாலன்றி ஆண் எனக் கருதப்படுவதில்லை. பெண்ணாக வளர்ந்து பின்னர் உண்மை வெளிப்பட்டவர்கள் அங்கே நாணித் தலைகுனிந்து ஊரைவிட்டே போக நேர்ந்திருக்கிறது. சலினாஸில் ஆணாக மாறுவது, பெண்ணுக்கு இல்லாத சுதந்திரத்தைப் பெறுவதாக இருந்தமையால்தான் அம்மாற்றம் அங்கே எளிதாயிற்று என்றும், ஹார்மோனின் வல்லமை ஒன்றையே அதற்குக் காரணமாகச் சொல்லலாகாதென்றும் ஹெர்ட் வாதித்தார். அவ்வாதம் ஏற்கத்தக்கதே. சரீரத்தில் நிகழ்ந்தது இரண்டு இடத்திலும் ஒன்றே. அதனால் விளைந்த வாழ்க்கை வேறு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது நொதியன்று, அயலவர்.

பழைய ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு சரித்திரமும் இங்கே சொல்லத்தக்கது. 1838இல் பிரான்ஸில் பிறந்து, பெண்ணென்று பதிவாகி, கன்னியர் மடங்களில் கல்வி கற்று, பெண் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்த எர்குலீன் பார்பன் என்பவரிடம், பருவத்தின் பெண் லட்சணங்கள் தோன்றவில்லை, ரோமமே வளர்ந்தது. வைத்தியர்கள் பரிசோதித்தபின், 1860இல் நீதிமன்றம் அவரை ஆணென்று அறிவித்துப் பதிவேட்டைத் திருத்தியது. சட்டம் தன் கடமையைச் செய்து முடித்ததாகவே எண்ணியிருக்கும். ஆனால் அத்திருத்தத்தோடு அவருடைய உத்தியோகம் போயிற்று; அன்பு வைத்த தோழியின் சகவாசம் போயிற்று; பெண்ணாக வாழ்ந்து அறிந்த கல்வியும் பழக்கமும் நற்பெயரும், புதிய வாழ்வில் ஒரு காசுக்கும் உதவாதவையாயின. 1868இல் பாரீஸில், வறுமை மிகுந்த ஓர் அறையில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பதிவேட்டைத் திருத்தினார்கள், அதற்கு முன் அவர் வாழ்ந்த இருபத்தோர் ஆண்டுகளை அவரிடமிருந்து பறித்துக்கொண்டு திருத்தினார்கள்.

அளுவிகாரையில் எழுதப்பட்ட தீர்ப்பு

இதைப் படிக்கும்போது, மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தூரத்தில் கற்பாறைகளுக்கு நடுவே அமைந்திருக்கும் அளுவிகாரையின் நினைவு எழாமலிராது. வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்றது அங்கேதான் என்பது இந்நாட்டுப் பரம்பரை. அவ்வாறு எழுதப்பெற்றவற்றுள், துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தில், நம் விஷயத்துக்கே நேராகப் பொருந்தும் ஒரு வழக்கு இருக்கிறது. பிக்கு ஒருவரிடம் பெண் லட்சணங்கள் தோன்றிவிட்டன. சங்கத்தார் செய்வதறியாது புத்தரிடம் முறையிட்டார்கள். அவர் வழங்கிய தீர்ப்பு யாதெனில், அத்துறவி இனிப் பிக்குணிகளுடன் வசிக்கலாம். அவருக்குத் துறவளித்த உபாத்தியாயர் முன்னிருந்தவரே. பெற்ற உபசம்பதை என்னும் முழுத் துறவேற்பும் முன் பெற்றதே. துறவில் கழித்த ஆண்டுகளின் மூப்பும் அப்படியே நிற்கும் என்பது. இரு சங்கத்துக்கும் பொதுவான குற்றங்களுக்குப் பிக்குணிகளிடத்தில் பரிகாரம் தேடவேண்டும், பொதுவல்லாதவை குற்றமாகா. பிக்குணி ஒருவரிடம் ஆண் லட்சணங்கள் தோன்றிய வழக்கிலும் தீர்ப்பு இவ்வாறே.

இரு பாலின் குறிகளும் ஒருங்கே உடையோருக்கு உபசம்பதை கொடுத்தலாகாதென்று அதே விநயம் வேறோரிடத்தில் விலக்குகிறது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அக்கால மனோபாவத்தின் எல்லையை அது காட்டுகிறது. ஆயினும் முன்சொன்ன தீர்ப்பிலுள்ள விவேகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம்முடைய காரியாலயங்கள் பல எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருக்க வேண்டிய இடம் மாறுகிறது. ஆனால் மனிதர் மாறுவதில்லை. அவருடைய ஆசிரியரும், அவர் ஏற்ற விரதமும், அவர் பாடுபட்டுக் கழித்த ஆண்டுகளும் அவருடையனவாகவே நிலைத்திருக்கின்றன. பதிவேட்டில் ஒரு சொல்லைத் திருத்துவதற்கும் ஒரு மனிதரின் வாழ்நாளை அழிப்பதற்கும் உள்ள பேதத்தை அத்தீர்ப்பு அறிந்திருந்தது.

பறிபோன பதக்கம்

நம்முடைய காலத்தில், நம்முடைய மொழி பேசும் ஒருவருக்கு அந்தப் பேதம் மறுக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்து, வறுமையையும் தூரத்தையும் ஒருங்கே ஓடிக் கடந்து, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால் பரிசோதனை ஒன்றின் பெயரால் அப்பதக்கம் சில நாட்களுக்குள் பறிக்கப்பட்டது; அவருடைய சரீரத்தின் அந்தரங்கம் நாடெங்கும் செய்தியாயிற்று. வஞ்சனை எதுவும் அவர் செய்ததாக எவரும் நிரூபிக்கவில்லை. அவர் எந்த மருந்தும் உண்டதில்லை. அப்போதைய தமிழக முதலமைச்சர் கருணாநிதி, அறிவித்த 15 இலட்ச ரூபாய்ப் பரிசை அவருக்கே வழங்கியது பாராட்டத்தக்க செயல். எனினும் ஓடுதளம் அவருக்கு மூடப்பட்டுவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்கு மனமுடைந்தார். மீண்டும் செங்கற்சூளையில் கூலிக்கு நின்றார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின்னரே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக அவருக்கு ஓரிடம் கிடைத்தது.

விளையாட்டில் ஆடவர் பிரிவும் மகளிர் பிரிவும் எவ்வாறு வகுக்கப்பட வேண்டும் என்பது நேர்மையான விவாதத்துக்குரியதே. ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தொடுத்த வழக்கில், பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு எல்லை வைத்த அக்கால விதியை விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் இடைநிறுத்தியது. அதன் பின்னும் விதிகள் பல முறை மாறின. 2025 முதல் உலகத் தடகள அமைப்பு, மகளிர் பிரிவில் பங்குபெறுவோர் அனைவருக்கும் மேற்சொன்ன எஸ்.ஆர்.ஒய். மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாளைய போட்டிக்கு எந்த விதி வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் பெண்ணென்று அரசே பதிவு செய்து, பெண்ணென்று சங்கங்களே தேர்ந்து அனுப்பி, பெண்ணென்றே தம்மை அறிந்த ஒருவர், அந்த நம்பிக்கையில் ஓடி வென்ற ஓட்டத்தை, ஓடாததாக்கிவிட எந்த விதிக்கு நியாயம் உண்டு?

கத்தியும் காகிதமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலிருந்து பரவிய வைத்திய வழக்கம் ஒன்று, ஐயத்துக்கிடமாகப் பிறந்த குழந்தைகளை, அவர்களுக்கு நினைவு தெரியுமுன்பே அறுவைச் சிகிச்சையால் ஏதேனும் ஒரு பாலுக்குள் அடக்கிவிடுவதே நலம் என்று போதித்தது. பிரச்சினை தீர்ந்ததாகப் பெற்றோர் நிம்மதி அடைந்தனர். ஆனால் வளர்ந்து பெரியவர்களாகிய அப்பிள்ளைகளிற் பலர், தம்மைக் கேளாமல் வெட்டி எறியப்பட்டது மீளாது என்று துயருற்றனர். பருவத்தில் சரீரம் எவ்வழிச் செல்லும், உள்ளம் எவ்வழிச் செல்லும் என்பது தெரியுமுன்பு கத்தி முந்திக்கொண்டதன் விளைவு அது. மால்ட்டா நாடு 2015இல் இத்தகைய சிகிச்சையைச் சட்டத்தால் தடுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், திருமணப் பதிவு மறுக்கப்பட்ட ஒரு வழக்கை விசாரித்த நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், 2019 ஏப்ரல் 22ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், உயிருக்கு ஆபத்தான சந்தர்ப்பங்களில் அன்றிக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை செய்தலாகாது என்று ஆணையிடுமாறு தமிழக அரசைப் பணித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அரசாணையும் பிறந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடியாக நின்றது தமிழ்நாடு என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்கது.

இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, 16 வயதுக்கு மேற்பட்டோர் வைத்திய அத்தாட்சியுடன் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறவும், அதனைக் கொண்டு பிறப்புப் பதிவில் மாற்றம் செய்துகொள்ளவும் வழி வகுத்தது. பெரிதும் திருநர்களை முன்னிட்டு எழுந்ததாயினும், இது ஒரு நல்ல வாயில். ஆனால் காலத்தை நோக்குங்கள்: சரீரம் பேசத் தொடங்குவது பன்னிரண்டு வயதில், அடையாள அட்டை இலக்கத்தில் பால் பொறிக்கப்படுவது பதினைந்தில், திருத்தத்துக்கு வாயில் திறப்பது பதினாறில். இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பிள்ளை எந்தச் சீருடையில் பாடசாலைக்குப் போவது, எந்த மலசலகூடத்துக்குச் செல்வது, எந்தப் பெயரில் பரீட்சை எழுதுவது? பின்னர் திருத்தம் கிடைத்தாலும், பாலையே உள்ளடக்கிய இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பரீட்சைப் பெறுபேறும் வங்கிக் கணக்கும் வைத்தியக் குறிப்பும் ஒவ்வொன்றாக அவரைப் பின்தொடர்ந்து வரவேண்டும். வராதொழிந்தால், சித்தியடைந்த பரீட்சையும் சேர்த்து வைத்த பணமும் வேறொருவருக்கு உரியனபோல் நின்றுவிடும்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. 13 வயதாகியும் மார்பு வளராத, 15 வயதாகியும் மாதவிலக்குக் காணாத பெண் பிள்ளையையும், குரல் தடிக்கும் பெண் பிள்ளையையும், கவட்டில் கட்டி தட்டுப்படும் பெண் குழந்தையையும், சோதிடரிடம் கொண்டுபோகுமுன் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பேராதனையில் சிறுவருக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. வீடு தோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் இந்த அறிகுறிகளை அறிந்திருந்து, தாய்மாருக்கு அச்சமூட்டாத சொற்களில் எடுத்துரைத்தால், மலைக்கு அப்பாலுள்ள கிராமத்துப் பிள்ளையும் காலத்தோடு துணை பெறும். அட்டையின் இலக்கத்திலிருந்து பாலைப் பிரித்தெடுப்பது, அரசு மனம் வைத்தால் ஆகாத காரியமன்று. பாடசாலை அதிபர், அப்பிள்ளையின் சேர்வு இடாப்பைக் கிழித்தெறியாமல், அதே இடாப்பில் பெயரை மட்டும் திருத்திக்கொண்டு, அடுத்த வகுப்புக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். எப்பாலாக வாழ்வது என்பதை அப்பிள்ளையே, தக்க வயதில், அவசரமின்றிச் சொல்லட்டும். சலினாஸில்கூட எல்லோரும் மாறிவிடவில்லை. பெண்ணாகவே நிலைத்தவரும் உண்டு. அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் மகள் என்று அழைத்த பிள்ளை மகனாக நின்றாலும், மகன் என்று அழைத்த பிள்ளை மகளாக நின்றாலும், அதற்குச் சோறூட்டிய நாட்களும் காய்ச்சலுக்குக் கண்விழித்த இரவுகளும் பொய்யாகிப் போவதில்லை. அந்தப் பிள்ளை கற்ற பாடமும், ஓடிய ஓட்டமும், செய்த உதவியும் பொய்யாகிப் போவதில்லை. பிறந்த அன்று ஒரு கணம் பார்த்து எழுதிய சொல் திருத்தத்துக்கு உட்பட்டது. அந்தச் சொல்லின் கீழ் ஒரு பிள்ளை வாழ்ந்து சேர்த்த ஆண்டுகள் அவ்வாறல்ல. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எந்த ஊருக்கும், எந்த மன்றத்துக்கும், எந்தக் காரியாலயத்துக்கும் உரிமை இல்லை.